கொடுத்த கடனைத் திருப்பித் தர மறுத்தால் சட்டப்படி என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நண்பருக்கோ சொந்தக்காரருக்கோ தெரிந்த வியாபாரிக்கோ கைமாற்றாகக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை என்று தவிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் தனி மனிதர்களுக்கு இடையிலான கடன்தான் இங்கே பேச்சு. வங்கிக் கடன், நிறுவனக் கடன் வேறு கதை.

வக்கீலிடம் போனால் அவர் முதலில் கேட்பது இரண்டே விஷயம்: கையில் என்ன காகிதம் இருக்கிறது, அதில் என்ன தேதி இருக்கிறது. ஆதாரம் இல்லாமல் பணத்தை இழந்தவர்களை விட, ஆதாரத்தைப் பீரோவில் வைத்துக்கொண்டு தேதியைத் தவறவிட்டு இழந்தவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு அதிக வருத்தம். அதனால் தேதியிலிருந்தே தொடங்குகிறேன்.

கடன் கொடுத்து மூன்று வருஷம் ஆகப் போகிறது. மாதாமாதம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அது போதாதா?

போதாது. 1963-ஆம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி கடனுக்கு வழக்குப் போட 3 வருஷம்தான் அவகாசம். நீங்கள் எத்தனை முறை போன் செய்தாலும், வீட்டுக்கு நடையாய் நடந்தாலும், அந்தக் கணக்கு நிற்காது. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால்கூட ஒரு நாள் கூடாது. கடன் வாங்கியவர் ஏதாவது செய்தால்தான் காலம் நீளும், கொடுத்தவர் செய்வதால் நீளாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 'கேட்கும்போது தருகிறேன்' என்று எழுதிய புரோநோட்டுக்கு (பணம் தருவதாக எழுதிக் கையெழுத்திடும் கடன் சீட்டு), நீங்கள் கேட்ட நாளிலிருந்து 3 வருஷம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. நோட்டு எழுதிய தேதியிலிருந்தே கணக்கு ஓடுகிறது. 'இன்ன தேதியில் தருகிறேன்' என்று கெடு குறித்திருந்தால்தான் அந்தக் கெடு தேதியிலிருந்து எண்ண வேண்டும். வீடோ நிலமோ அடமானம் எழுதி வாங்கியிருந்தால் அந்தச் சொத்தின் மீது வழக்குப் போட 12 வருஷம் உண்டு.

கடைசி நாள் நீதிமன்ற விடுமுறையில் விழுந்தால், திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம். மே மாதக் கோடை விடுமுறையில் கெடு முடிகிறவர்களுக்கு இது உதவும். ஆனால் அந்த ஒரு நாளை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அந்த 3 வருஷத்தை நீட்டிக்க வழி இருக்கிறதா?

இருக்கிறது, இரண்டு வழி. ஒன்று, கெடு முடிவதற்குள் 'உங்களுக்கு இவ்வளவு பாக்கி இருக்கிறது' என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருஷம் கிடைக்கும். திருப்பித் தருவதாகக்கூட எழுத வேண்டியதில்லை, கடன் இருப்பதை ஒப்புக்கொண்டாலே போதும்.

இரண்டாவது, ஒரு பகுதிப் பணம் செலுத்துவது. இங்கேதான் ஒரு சின்ன விஷயத்தில் பெரிய தொகைகள் போகின்றன. புரோநோட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் பல வீடுகளில் இப்படித்தான் இருக்கும்: '12.4 வரவு ரூ. 5,000', '10.6 வரவு ரூ. 3,000'. எல்லாம் கடன் கொடுத்தவரின் கையெழுத்திலேயே, கீழே யாருடைய ஒப்பமும் இல்லாமல். அது கணக்குக்குச் சரி, காலத்தை நீட்டிக்க உதவாது. வரவை அவரே தன் கையால் எழுத வேண்டும், அல்லது நீங்கள் எழுதியதன் கீழ் அவர் கையெழுத்திட வேண்டும். ஆயிரம் ரூபாய் கொடுத்தாலும் சரி, வருஷத்தோடு முழுத் தேதி போட்டு, தொகையை எழுத்தாலும் எண்ணாலும் எழுதி, ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். பகுதிப் பணத்தை அவர் செக்காகக் கொடுத்தால் அதில் அவர் கையெழுத்து இருப்பதால் அதுவே ஆதாரமாகும்.

3 வருஷம் தாண்டியே போய்விட்டதா? அப்போதும் அவர் மனம் வைத்து, பழைய கடனைத் தருவதாகப் புதிதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அது செல்லும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது. பழைய நோட்டுக்குப் பதில் புது நோட்டு எழுதி வாங்குவது இந்த அடிப்படையில்தான். ஆனால் வெறுமனே 'பாக்கி இருக்கிறது' என்று ஒப்புக்கொள்வது இந்தக் கட்டத்தில் போதாது. தருகிறேன் என்ற வாக்கு அதில் இருக்க வேண்டும்.

புரோநோட்டில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டியிருக்க வேண்டும், கையெழுத்து அதன் மேல் ஓடியிருக்க வேண்டும். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது. மற்ற பத்திரங்களுக்கு அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம், புரோநோட்டுக்கு அந்த வாய்ப்பும் கிடையாது. சாட்சிக் கையெழுத்து சட்டப்படி கட்டாயமில்லை என்றாலும் வாங்கி வைப்பது நல்லது. 'கையெழுத்தே என்னுடையது இல்லை' என்பதுதான் இந்த வழக்குகளில் வழக்கமாக வரும் பதில், அப்போது சாட்சி வந்து சொல்வது பெரிய பலம். கையெழுத்தை அவர் ஒப்புக்கொண்டுவிட்டாலோ நீங்கள் நிரூபித்துவிட்டாலோ, பணம் கைமாறியதாகவே நீதிமன்றம் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர் பாடு.

அசல் நோட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். சமரசம் பேசுகிறவர், ஊர்ப் பெரியவர், காவல் நிலையம், யார் கேட்டாலும் ஜெராக்ஸ்தான். முழுப்பணமும் கைக்கு வந்த பிறகு அசலைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

எழுத்தில் ஒன்றுமே இல்லை. ஜிபேயில்தான் அனுப்பினேன். வழக்குப் போட முடியுமா?

முடியும். வாய்மொழிக் கடனுக்கும் சட்டம் இடம் தருகிறது, நிரூபிப்பதுதான் கஷ்டம். பணம் போனதற்கு வங்கிக் கணக்கு அறிக்கை சாட்சி. ஆனால் அது கடன்தான் என்பதற்கு வேறு ஏதாவது வேண்டும், ஏனென்றால் 'அது எனக்கு வரவேண்டிய பணம்' என்றோ 'அன்பளிப்பு' என்றோ அவர் சொல்லலாம். 'அடுத்த மாதம் கண்டிப்பாகத் தந்துவிடுகிறேன் அண்ணா' என்று வந்த ஒரு வாட்ஸ்அப் செய்தி அங்கே விலைமதிப்பில்லாதது. அதை அழித்துவிடாதீர்கள், போனை மாற்றினாலும் பழைய போனை வைத்திருங்கள். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின் கீழ் ஒரு சான்றும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 2024 ஜூலைக்கு முன் இது 65-பி சான்று என்று அழைக்கப்பட்டது, வக்கீல்கள் இன்னும் அப்படியேதான் சொல்கிறார்கள்.

உறவு முறியாத நிலை என்றால், சண்டைக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான். 'எனக்கும் கணக்குக்கு வேண்டும், ஒரு நோட்டு எழுதிக் கொடுத்துவிடு' என்று தயங்காமல் கேளுங்கள். முகதாட்சண்யம் பார்த்துக் கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் வாங்கித் தருவார்களா?

வாங்கித் தருவது அவர்கள் வேலை இல்லை. 'இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்' என்று சொன்னால் பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியே. வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் இருப்பது மட்டும் குற்றமில்லை. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்திருந்தால்தான் மோசடி: இல்லாத நிலத்தைக் காட்டி முன்பணம் வாங்குவது, அரசு வேலை வாங்கித் தருவதாகச் சொல்வது, போலி ஆவணம் கொடுப்பது. அப்படியென்றால் பாரதிய நியாயச் சட்டத்தின் 318-வது பிரிவில் புகார் கொடுக்கலாம். இதுதான் பழைய 420. கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள்.

புகார் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. காவல் நிலையத்தில் போகிற காலமும் அந்த 3 வருஷத்தில்தான் கழியும்.

செக் கொடுத்திருக்கிறார். போட்டால் பணம் இல்லை என்று திரும்புகிறது. இப்போது?

மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு. கடன் வாங்கியவர் மீது நேரடியாகக் குற்றவழக்குப் போட இது நல்ல வழி, ஆனால் ஒவ்வொரு படிக்கும் கெடு உண்டு. செக்கை அதில் உள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அவர் நோட்டீஸைப் பெற்ற பிறகு 15 நாள் அவகாசம். அதற்குள் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் புகார்.

தேதி வைத்துச் சொல்கிறேன். வங்கி மெமோ உங்கள் கைக்கு மார்ச் 3 அன்று வந்தது என்றால் ஏப்ரல் 2-க்குள் நோட்டீஸ் போக வேண்டும். அவர் அதை ஏப்ரல் 6 அன்று வாங்கினால் ஏப்ரல் 21 வரை அவருக்கு நேரம். நீங்கள் மே 21-க்குள் புகாரைத் தாக்கல் செய்துவிட வேண்டும். இந்தக் கடைசிக் கெடு தவறினால் தகுந்த காரணம் காட்டி, தாமதத்தை மன்னிக்கும்படி நீதிமன்றத்திடம் கேட்கலாம். நோட்டீஸுக்கான 30 நாள் தவறினால் அப்படிக் கேட்க வழியில்லை. செக் இன்னும் 3 மாதத்துக்குள் இருந்தால் மறுபடி வங்கியில் போட்டு, மறுபடி திரும்பியதும் நோட்டீஸ் அனுப்பலாம். அவ்வளவுதான்.

செக்குக்குப் பணம் தர வேண்டாம் என்று வங்கிக்கு 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்திருந்தாலும், கணக்கையே மூடியிருந்தாலும் இதே பிரிவில் வழக்குப் போடலாம். வழக்கு, உங்கள் கணக்கு இருக்கும் வங்கிக் கிளைக்கு உட்பட்ட நீதிமன்றத்தில் நடக்கும். 2015 திருத்தத்துக்குப் பிறகு இப்படித்தான், அவர் ஊருக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. தண்டனை 2 வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். அவர் குற்றத்தை மறுத்து வழக்கு நடத்தினால், செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். அது நீதிமன்றத்தின் விருப்பம், கேட்டால் கிடைத்தே தீரும் என்றில்லை.

நிரப்பாத செக்கில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருந்தார். அது செல்லுமா?

கடனுக்காக அவர் விரும்பிக் கொடுத்தது என்றால் செல்லும். மற்றதை வேறொருவர் எழுதினார் என்பதால் மட்டும் அவர் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லிவிட்டது. ஆனால் இரண்டு இடத்தில் வழுக்கும். செக் வாங்கிய பிறகு அவர் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்திருந்தால், முழுத் தொகைக்கும் அந்தச் செக்கை அப்படியே வங்கியில் போடக் கூடாது. வந்த தொகையைச் செக்கிலேயே குறிப்பிட்டு மீதிக்குத்தான் போட வேண்டும், இல்லையென்றால் 138 வழக்கு நிற்காது. அப்புறம், நோட்டீஸில் கேட்கும் தொகை செக்கில் உள்ள தொகையோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். வட்டி, செலவு எல்லாம் கேட்கலாம், ஆனால் தனித்தனியாக எழுதுங்கள். மொத்தமாகச் சேர்த்து ஒரே எண்ணாகக் கேட்டதால் தோற்ற வழக்குகள் உண்டு.

நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால்?

சரியான முகவரிக்குத் தபாலில் போயிருந்தால் போதும். 'வாங்க மறுத்தார்', 'வீடு பூட்டியிருக்கிறது' என்று தபால்காரர் எழுதித் திரும்பிய உறையை நீதிமன்றம் பொதுவாகச் சேர்ப்பிக்கப்பட்டதாகவே எடுத்துக்கொள்ளும். அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். நோட்டீஸுக்கு அவர் பதில் அனுப்பினால் இன்னும் நல்லது. 'கடன் வாங்கியது உண்மை, பாதி கொடுத்துவிட்டேன்' என்று ஒரு வரி அதில் வந்தாலே உங்கள் வழக்கு பாதி எளிதாகிவிடும்.

சிவில் வழக்கு எங்கே போடுவது, எவ்வளவு செலவாகும்?

அவர் குடியிருக்கும் இடத்திலோ, பணம் கைமாறிய இடத்திலோ போடலாம். தொகையைப் பொறுத்து மாவட்ட உரிமையியல் நீதிமன்றமோ (முன்சீப் கோர்ட்) சார்பு நீதிமன்றமோ விசாரிக்கும். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். 2017 வரை ஏழரை சதவீதமாக இருந்தது. 5 லட்சத்துக்கு வழக்கென்றால் 15,000 ரூபாய் கட்டணம், வக்கீல் பீஸ் தனி. ஜெயித்தால் செலவுத்தொகையும் சேர்த்து டிகிரி (நீதிமன்றத் தீர்ப்பாணை) கேட்கலாம். இடையில் சமரசமாகிவிட்டால் கட்டணத்தைத் திரும்பப் பெறலாம். நீதிமன்றத்துக்கு வெளியே இரு தரப்பும் தாங்களே பேசி முடித்துக்கொண்டாலும் இது பொருந்தும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

கையில் புரோநோட்டோ, செக்கோ, எழுத்து ஒப்பந்தமோ இருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 37-வது கட்டளையின் கீழ் 'சம்மரி சூட்' போட முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். அதில் எதிராளி 10 நாளுக்குள் ஆஜராக வேண்டும், வழக்காடவே நீதிமன்றத்தின் அனுமதி கேட்க வேண்டும். உருப்படியான பதில் இல்லையென்றால் விசாரணை இல்லாமலே டிகிரி ஆகும்.

செக் வழக்கையும் சிவில் வழக்கையும் ஒரே நேரத்தில் நடத்தலாம். 138 வழக்கு நடக்கிறது என்ற தெம்பில் சிவில் கெடுவைத் தவறவிடாமல் இருப்பது முக்கியம்.

வழக்குப் போட்டதும் வீட்டை மனைவி பேருக்கு எழுதி வைக்கப் பார்க்கிறார்.

தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்க 38-வது கட்டளையில் மனுப் போடலாம். வழக்கோடு சேர்த்தே போடுவது நல்லது. சும்மா சந்தேகம் போதாது, விற்க விளம்பரம், புரோக்கர் பேச்சு, வில்லங்கச் சான்றில் புதிய பதிவு என்று ஏதாவது காட்ட வேண்டும். ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டார் என்றால், கடன் கொடுத்தவர்களை ஏய்க்கச் செய்த மாற்றம் என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-வது பிரிவில் அதை எதிர்க்க முடியும்.

டிகிரி வாங்கிவிட்டேன். அப்போதும் தரவில்லையே?

டிகிரி கிடைத்தால் பணம் வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் அங்கிருந்து இரண்டாவது பாதி தொடங்குகிறது. நிறைவேற்று மனு, அதாவது இ.பி. போட வேண்டும். இதற்கு டிகிரி தேதியிலிருந்து 12 வருஷம் உண்டு.

மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்தில் பிடிப்பதுதான் நிச்சயமான வழி. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயைக் கழித்து, மீதியில் மூன்றில் ஒரு பங்கைப் பிடிக்கலாம். 31,000 சம்பளம் என்றால் மாதம் 10,000. ஒரு டிகிரிக்காக மொத்தம் 24 மாதம் வரைதான் பிடிக்க முடியும். பென்ஷன், பி.எஃப்., கிராஜுவிட்டியைத் தொட முடியாது.

சொத்து இருந்தால் ஜப்தி, ஏலம். நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து பட்டியல் எடுக்கும்போது உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, தொழிலாளியின் தொழில் கருவிகள், பெண்ணின் தாலி இவற்றை எடுக்க முடியாது. நல்ல விதி இது. கடன் வசூல் என்பது ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் நிறுத்துவதாக இருக்கக் கூடாது.

கையில் வசதி வைத்துக்கொண்டே கட்ட மறுத்தால் சிவில் சிறைக்கும் மனுப் போடலாம், அதிகபட்சம் 3 மாதம். அவருக்கான சாப்பாட்டுப் படியை நீங்கள்தான் கட்ட வேண்டும். உண்மையிலேயே இல்லாதவரைச் சிறைக்கு அனுப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே சொல்லியிருக்கிறது. பணக் கடனுக்காகப் பெண்களைக் கைது செய்யவும் முடியாது.

மஞ்சள் கடிதம் கொடுத்துவிட்டார். எல்லாம் முடிந்ததா?

திவால் மனுக் கொடுத்ததாலேயே ஒருவர் திவாலாகிவிட மாட்டார், நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். உங்களுக்கு நோட்டீஸ் வந்தால் அலட்சியமாக விடாமல் ஆஜராகி ஆட்சேபியுங்கள். மனுவுக்கு முந்தைய 2 வருஷத்துக்குள் உண்மையான விலை வாங்காமல் சொந்தக்காரருக்கு எழுதிக் கொடுத்த சொத்தை ரத்து செய்யக் கேட்கலாம். மோசடியால் ஏற்பட்ட கடன், திவால் விடுவிப்பு கிடைத்தாலும் கழியாது.

ரொக்கமாகக் கொடுத்தேன், வட்டியும் பேசினோம். இதனால் எனக்குச் சிக்கல் வருமா?

20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. அபராதம் வாங்கியவருக்கு. ஆனால் 'இவ்வளவு பணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது' என்று குறுக்கு விசாரணையில் உங்களைத்தான் கேட்பார்கள், பதில் இருக்க வேண்டும். வட்டியைப் பொறுத்தவரை, பேசியபடியே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம், அதைக் குறைக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அரசு நிர்ணயித்த அளவுக்கு மேல் வட்டி வாங்குகிறவர் என்றால் 2003-ஆம் ஆண்டு கந்துவட்டித் தடைச் சட்டம் அவர் மேலேயே திரும்பும்.

அவர் பைக்கை எடுத்து வந்து நிறுத்திக்கொண்டால் என்ன?

செய்யாதீர்கள். வண்டியைத் தூக்குவது, கடையைப் பூட்டுவது, ஏடிஎம் கார்டைப் பிடுங்கி வைப்பது, குடும்பத்துப் பெண்களைத் திட்டுவது, படத்தைப் போட்டு 'கடன்காரன்' என்று பரப்புவது எல்லாமே உங்களைக் குற்றவாளியாக்கும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கும்போது ஜாமீனுக்கு அலைய வேண்டியிருக்கும்.

கடன் வாங்கியவர் இறந்துவிட்டார். பிள்ளைகளைக் கேட்கலாமா?

அவர் விட்டுப் போன சொத்து அவர்கள் கைக்கு வந்திருந்தால், அந்த அளவுக்கு மட்டும் கேட்கலாம். சொத்தே இல்லையென்றால் பிள்ளைகள் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கட்டக் கடமைப்பட்டவர்கள் இல்லை. செக் குற்றவழக்கு அவரோடு முடிந்துவிடும். கடன் கொடுத்தவர் இறந்திருந்தால், தாசில்தார் தரும் வாரிசுச் சான்று மட்டும் போதாது. டிகிரி பெற நீதிமன்றத்தில் வாங்கும் சக்சஷன் சர்டிபிகேட் வேண்டும்.

சீட்டுப் பணத்தில் ஏமாந்தேன்.

பதிவான சீட்டென்றால் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாளரிடம் மனு. பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கி ஓடிய நிறுவனம் என்றால் 1997 தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள்.

வழக்கு நடத்த என்னிடம் காசில்லை.

ஒவ்வொரு தாலுகா நீதிமன்ற வளாகத்திலும் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் கிடைக்கும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்களுக்கும் உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வழக்குப் போடுவதற்கு முன்பே லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) மனுக் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டு எழுதும் தீர்வு டிகிரிக்குச் சமம், அதன் மேல் அப்பீல் இல்லை. தவணையாகத் தரச் சம்மதிக்கிற, நாணயம் கொஞ்சம் மிச்சமிருக்கிற ஆளிடம் இதுவே சிறந்த வழி என்பது என் எண்ணம். தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே வர வேண்டும் என்ற ஒரு வரியை மட்டும் அதில் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள். எதிராளி வராவிட்டால் கட்டாயப்படுத்த முடியாது, அந்தக் காத்திருப்பிலும் 3 வருஷக் கணக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.